ஒன்றும் விடுபடாத பலகை

சிவப்பு மணலை இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்து, பசை தடவிய பலகையில் கோடாக இறக்கும்போது எல்வுட் பிட்சிலி மூச்சு விடமாட்டான். முடிந்ததும் புஸ்ஸென்று விட்டுவிட்டு மனைவியைக் கேட்பான்: "லொரீன், இதுல எதை விட்டேன்?"

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஷீப் ஸ்பிரிங்ஸ் பக்கம் ஓடுகிற லாரிகளில் பாதிக்கு எஞ்சின் பிரித்துக் கட்டியது இந்தக் கைதான். என் வேலையில் ஒரு திருகு விடுபட்டால் வண்டி நிற்கும். என் அத்தை மகன் எல்வுட்டுக்கு ஒன்று விடுபட்டே ஆகவேண்டும். பாட்டுப் பாடி நோய் தீர்க்கும் எங்கள் பெரியவர் தரையில் போடும் மணல் ஓவியம் முழுசாக இருக்கும். புனித மாந்தர் அதில் வந்து இறங்குவார்கள். சடங்கு முடிந்ததும் கலைத்து, மணலை வடக்கே கொண்டுபோய்க் கொட்டி அவர்களை அனுப்பிவிடுவார். சுவரில் மாட்ட விற்கும் பலகையில் எல்வுட் ஒரு இறகைக் குறைப்பான், அல்லது ஒரு நிறத்தை மாற்றுவான்.

"மாத்தலேன்னா, அவங்களக் கூப்பிட்டுட்டு திருப்பி அனுப்பாத மாதிரி மச்சான்," என்பான்.

கடையில் விற்கும் சாயப்பொடியைத் தொடமாட்டான். சிவப்பு எதிர்மலை அடிவாரத்தில் எடுத்தது. மஞ்சள், அவன் அம்மா ஆடு மேய்த்த ஓடையில். அந்த இடத்தில் காணிக்கையாக ஒரு சிட்டிகை சோள மகரந்தம் தூவாமல் தோண்டியதில்லை.

போன வாரம் லொரீனின் வலது கை தூக்க வராமல் போயிற்று. மருத்துவமனையில் நரம்பு என்றார்கள். காலப் ஊர்க் கண்காட்சிக்குப் பலகையை ஏற்றிப்போக நான் வண்டியோடு வந்தபோது, எல்வுட் கட்டி வைத்திருந்த பலகையைப் பிரித்துப்போட்டு அதன்மேல் குனிந்திருந்தான். அவன் செய்ததிலேயே பெரியது அது.

"எல்லாம் இருக்கு மச்சான். ஒரு இறகுகூடக் குறையல."

"பரவாயில்லையே. பொறந்ததுலேருந்து ஒரு வேலையாவது ஒழுங்கா செஞ்சிருக்க."

என் கேலிக்குச் சிரிக்காத ஆள் இந்த வட்டாரத்திலேயே கிடையாது. அவன் சிரிக்கவில்லை.

"இத முடிச்ச அன்னிக்கு ஆடு வேலி தாண்டிருச்சுண்ணே," என்றாள் லொரீன். "இவரு என்னைக் கேக்காமலே ஓடிட்டாரு. வந்ததும் கட்டி வெச்சுட்டாரு."

எல்வுட் கத்தி முனையால் ஓர் இறகைச் சுரண்டினான். அவள் தோளைப் பார்த்தான்.

"தூக்கு பாப்போம்."

விரல்கள் மட்டும் அசைந்தன.

"மாட்டுறதுக்குக் கண்காட்சியில ஆணி அடிச்சு வெச்சிருக்காங்கடா," என்றேன். "ஒரு இறகு எடுத்தது போதாதா?"

"வந்து உக்காந்தவங்கள ஒரு இறகப் புடுங்கியா அனுப்புவ?"

கத்தியைச் சாய்த்துப் பிடித்து மேலிருந்து சுரண்டத் தொடங்கினான். பசையோடு பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்தது. பலகை வெறுமையானதும், ஒரு துணுக்கும் தரையில் சிந்தாமல் எல்லாவற்றையும் சட்டை முன்புறத்தில் ஏந்திக்கொண்டு எழுந்தான். வடக்கே கொண்டுபோய்க் கொட்ட.

லொரீன் முன்னால் போய் இடது கையால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.