உப்புப் போத்தலில் துள்ளிய மீன்

எங்கள் குசினியில் உப்பு வைத்திருக்கும் போத்தலில் ஒருகாலத்தில் ஒரு மீன் துள்ளிக்கொண்டிருந்தது. மண்ணிறப் பிளாஸ்ரிக் போத்தல், வெள்ளை மூடி. நீலக் கடலுக்கு மேலே வாலை வளைத்து எழும்பிய அந்த மீன், கழுவிக் கழுவி வாலும் போய்க் கண்ணும் போய், இப்போது ஒரு நீலக் கறையாக மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குசினியில் அடுப்பு மாறிவிட்டது, அலுமாரி மாறிவிட்டது, சட்டிகள் எத்தனையோ மாறிவிட்டன. இதை எறிய மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. இதற்குள் முதலில் இருந்தது உப்பு அல்ல, மீனெண்ணெய்க் குளிசை. ஐந்து வயதாகியும் நான் கதைக்கவில்லை என்று கேள்விப்பட்டு, கனடாவில் இருக்கும் சித்தப்பா எனக்காக அனுப்பிவைத்தது.

இன்றைக்கு இதைச் சொன்னால் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், என்னோடு வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். அங்கே விசாரணைக் கருமபீடத்தில் இருப்பவள் நான். காலையில் கதிரையில் இருந்தால் பின்னேரம் வரைக்கும் வாய்தான் வேலை. பிறப்புச் சான்றிதழ் எங்கே எடுப்பது, காணி விஷயத்துக்கு எந்த மாடி என்று மூதூரில் இருந்தும் கிண்ணியாவில் இருந்தும் வருகிறவர்களுக்கு ஓயாமல் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். வாயாடி என்று ஒரு பட்டப்பெயரும் உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சின்னப் பிள்ளை பெருமையோடு நிமிர்ந்து உட்காருகிறது.

அந்தப் பிள்ளைக்குக் காது கேட்கும், எல்லாம் விளங்கும். சொற்கள் உள்ளே இருந்தன. வெளியே வரும் வழிதான் வாய்க்குத் தெரியவில்லை. 'பந்து' என்று நினைத்து வாயைத் திறந்தால் உதடு ஒரு பக்கம் போகும், நாக்கு இன்னொரு பக்கம் போகும், கடைசியில் வருவது எனக்கே அந்நியமான ஏதோ ஒரு சத்தம். பாலையூற்றில் இருந்த எங்கள் வீட்டுக்கு, காற்று எங்கள் பக்கம் திரும்பும் நாட்களில், துறைமுகத்துக் கப்பல் ஊதுவது கேட்கும். நீளமாக, ஒரே ஒரு சத்தம். பின்வாசற்படியில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். கப்பலுக்குத் தெரிந்ததும் ஒரே சத்தம்தான், ஆனாலும் ஊர் முழுக்க அது சொல்வது விளங்குகிறதே என்று எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அப்பா துறைமுகத்தில் வேலை. அம்மா சம்பூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர், விடியப் போனால் பின்னேரம்தான் வருவார். பகல் முழுவதும் என்னோடு இருந்தவர் மாமி, அப்பாவின் அக்கா. கல்யாணம் கட்டவில்லை. பெரிய உடம்பு, சின்னக் கோபம், மீன் என்றால் உயிர். சந்தையில் மாமியைக் கண்டதும் மீன்காரர்கள் நல்லதை முன்னுக்குத் தள்ளிவைப்பார்கள், ஏனென்றால் பழசை வைத்தால் சந்தை முழுக்கக் கேட்கும்படி அதன் வரலாற்றைச் சொல்லிவிடுவார். பாரைமீன் தலையை அவர் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, எலும்பு எலும்பாக, பூசைக்கு இருப்பவரைப் போல இருந்து சாப்பிடுவார்.

அந்த மாமிதான் மீனை விட்டார். முதலாம் வகுப்புக்கு என்னைப் பதியப் போன நாளில் அது நடந்தது. பள்ளிக்கூட அதிபர் நல்லவர்தான், கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. "தண்ணி வேணும், வெளியில போகவேணும் எண்டாவது பிள்ளை வாயால சொல்லவேணும் தங்கச்சி. இல்லாட்டி இத்தினை பிள்ளைக்குள்ள நாங்கள் எப்பிடிக் கவனிக்கிறது? தையில வகுப்புத் தொடங்கும், அதுக்குள்ள பாருங்கோ" என்றார். திரும்பும் வழியில் அம்மா ஓட்டோவுக்குள் அழுதார். மாமி அழவில்லை. அம்மன் கோயில் வாசலில் ஓட்டோவை நிற்பாட்டி இறங்கிப் போனவர், திரும்பி வந்து, "இவள் கதைக்கிற மட்டும் நான் மீன் தொடமாட்டன்" என்றார். அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "அக்கா, வேற ஏதும் நேர்ந்திருக்கலாமே" என்று கேட்டார். "எனக்குப் பிரியமில்லாததக் குடுத்து என்னத்துக்கு?" என்றார் மாமி.

அதே கிழமையில்தான் சித்தப்பாவின் போத்தலும் வந்து சேர்ந்தது. ஊருக்கு வந்த யாரோ ஒருவரின் பெட்டிக்குள், சொக்லேட்டுகளுக்கு நடுவில். அங்கே இப்படியான பிள்ளைகளுக்கு இதைத்தான் கொடுக்கிறார்களாம், மூளைக்கு நல்லதாம் என்று சித்தப்பா தொலைபேசியில் ஆணையிட்டுச் சொன்னார். மாமி அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எனக்குப் பேச்சுப் பயிற்சி தந்த மிஸ்ஸிடம் காட்டினார். மிஸ் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குடுங்கோ, பிழையில்லை. இது சாப்பாடு மாதிரித்தான், மருந்தில்லை. இதாலதான் கதை வரும் எண்டு ஒருத்தராலையும் சொல்ல ஏலாது. பயிற்சிய மட்டும் விட்டிடாதேங்கோ." பிறகு மாமியின் கையைப் பிடித்து இன்னொன்றும் சொன்னார். "கேட்டிட்டுப் பொறுத்து நில்லுங்கோ. அவள் வாய் திறக்க முதல் நீங்கள் முந்திச் சொல்லாதேங்கோ."

எங்கள் வீட்டில் அதுதான் ஏலாத காரியம். நான் கண்ணைத் திருப்பினாலே தண்ணீர் வரும். கையை நீட்டுமுன் பிஸ்கட் வரும். பாசம் கூடிய வீடுகளில் பிள்ளைக்குக் கதைக்க இடமே கிடைப்பதில்லை.

குளிசையை எனக்கு விழுங்கத் தெரியாது. மாமி சட்டை ஊசியால் அதன் முனையில் குத்தி, என் நாக்கில் பிதுக்கிவிடுவார். பின்வாசல் வெயிலில் பிடித்தால் அது தேன்சொட்டுப் போல மினுங்கும். வாய்க்குள் போனால் மீன் காயப்போடும் வாடியின் மணம். மாமியின் விரல்களிலும் அந்த மணம் ஏறிவிடும். தேசிக்காய்த் தோலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். கழுவிய பிறகும் ஒருமுறை மோந்து பார்த்து, பெருமூச்சு விடுவார். மீனை விட்டவரின் விரலில் ஒவ்வொரு நாள் காலையிலும் மீன் மணத்தது, பாவம்.

பிறகு கோயிலில் கொடியேறியது. திருவிழா நாட்களில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சைவம். சட்டிகள் கூட மாறும். குசினிக்கு அடுத்தது சாமியறை என்பதால் மாமிக்குப் போத்தல் உறுத்தத் தொடங்கியது. எண்ணெய் என்றாலும் மீன் மீன்தானே. சில நாள் கொடுக்காவிட்டால் ஒன்றும் ஆகாது என்று மிஸ் சொல்லியிருந்தபடியால், பழைய துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கிணற்றடி மதிலில் வைத்துவிட்டார். அது சித்திரை வெயில். தீர்த்தம் முடிந்து வந்து துணியை அவிழ்த்தபோது, குளிசைகள் எல்லாம் உருகி ஒட்டி ஒரே கட்டியாகக் கிடந்தன. மாமி போத்தலைக் கவிழ்த்துத் தட்டினார், குலுக்கினார், கத்தியை விட்டுக் கிண்டினார். ஊசி குத்த ஒரு தனிக் குளிசை கூட மிஞ்சவில்லை. கிணற்றுக்கட்டில் அப்படியே உட்கார்ந்து, "பிள்ளையின்ர கதையை நானே வெயிலில வைச்சு உருக்கிப்போட்டன்" என்று அழுதார். அதிபருக்கு முன்னால் அழாதவர். அந்தக் கட்டி வெயிலில் எவ்வளவு வடிவாக மினுங்கியது என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வடிவு என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த போத்தலுக்கு யாராவது கனடாவில் இருந்து வரவேண்டும். அதைச் சொல்லி மாமி மிஸ்ஸிடம் அழ, மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன் அன்ரி, கனடாக் கடலில மட்டுமா மீன் இருக்கு? சூடை, கீரி, இந்தச் சின்ன மீனுகளில இந்த எண்ணெய் இருக்குது. ஆக்கிக் குடுங்கோவன்."

அப்படித்தான் மீனை விட்ட மாமி திரும்பவும் மீன் சந்தைக்குப் போனார். உறைப்புக் குறைத்து, தேங்காய்ப்பால் விட்டு, எனக்காகச் சூடைமீன் சொதி வைத்தார். பகலில் வீட்டில் நானும் அவரும் மட்டும். முன்பெல்லாம் கறி கொதிக்கும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பார். இப்போது நக்க ஏலாது. மீன் போடமுதல் பாருங்கோவன் என்று அம்மா சொன்னதற்கு, "மீன் விழுந்தாப்பிறகு உப்பை இழுத்துப்போடும், முதல் பாக்கிறது கணக்கில்லை" என்றுவிட்டார். ஆகவே அந்தச் சொட்டு என் கைக்கு வந்தது. சட்டிக்குப் பக்கத்தில் முக்காலியில் என்னை ஏற்றி நிறுத்தி, ஊதி ஆற்றி, உள்ளங்கையில் விட்டு, உப்புப் போதுமா என்று கேட்பார்: "உப்புக் காணுமா?"

இப்போது நினைத்துப் பார்க்கும்போது எனக்கு விளங்குகிறது. அதுவரை என்னிடம் கேட்கப்பட்ட எல்லாக் கேள்விகளுக்கும் கேட்டவர்களுக்கே விடை தெரியும். இது என்ன நிறம், இது யார், காகம் எப்படிக் கத்தும். என்னைச் சோதிப்பதற்காகக் கேட்டவை அவை. உப்புக் காணுமா என்பது மட்டும் உண்மையான கேள்வி. மாமிக்கு அது தெரியாது. உலகத்தில் அப்போது அது எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் முந்திச் சொல்ல அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. கரண்டியைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். சொதி கொதிக்கும். வெளியே காகம் கத்தும். சில நாள் நான் தலையை ஆட்டிவிடுவேன். சில நாள் சத்தம் மட்டும் வரும். அதற்கும் ஒரு 'ஓம்' போட்டு, குத்துமதிப்பாக உப்புப் போடுவார். உருகிய போத்தலைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, உப்புப் போத்தலாக்கியிருந்தார். எறிந்தால் சித்தப்பா என்ன நினைப்பார் என்று.

அது மழைக்காலத்து ஒரு முற்பகல். குசினி மங்கலாக இருந்தது, அடுப்பு வெளிச்சம் மாமியின் முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்தது. உள்ளங்கையை நக்கினேன். சப்பென்று இருந்தது. "உப்புக் காணுமா?" துறைமுகத்தில் கப்பல் ஊதியது. நான் உதட்டைக் குவித்தேன். "உ..." என்று அது போல நீண்டது. மாமி மூச்சு விடவில்லை. உதடுகள் ஒட்டின, வெடித்தன. "உப்பு."

மாமி கத்தவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. போத்தலைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டார். திரும்ப என் கையில் ஒரு சொட்டு விட்டார். உப்புக் காணும்தான், ஆனால் நான் சொன்ன ஒரு சொல்லுக்கு ஒரு பெரிய மனுஷி போத்தலைத் திறந்ததை என்னால் நம்ப முடியவில்லை. "உப்பு" என்றேன். அவர் போட்டார். "உப்பு." திரும்பவும் போட்டார். அவருடைய கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்லச் சொல்லப் போட்டுக்கொண்டே இருந்தார். இரவு சோற்றில் சொதியை விட்டு ஒரு வாய் வைத்த அப்பாவின் முகம் கோணியது. மாமி நடந்ததைச் சொன்னார். அப்பா சோற்றை இன்னொருமுறை பிசைந்தார். பிறகு அந்தக் கடல்தண்ணீர்ச் சோற்றை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். அம்மாவும் சாப்பிட்டார்.

மற்றச் சொற்கள் மெல்ல மெல்ல, பயிற்சியால் வந்தன. சில இழுபட்டன, சில உடைந்து வந்தன. தை மாதம் வகுப்பறையில் ரீச்சரிடம் "தண்ணி" என்று நானே கேட்டேன். அன்று பின்னேரம் மாமி கோயிலுக்குப் போய்வந்து பாரைமீன் தலை ஆக்கினார். எது என்னைக் கதைக்க வைத்தது என்று இன்றும் வீட்டில் சண்டை. சித்தப்பாவுக்கு அது குளிசை, அப்பாவுக்கு அம்மன், அம்மாவுக்கு மிஸ். எனக்கு அந்தக் கரண்டியும் பொறுத்து நின்ற மாமியும். நேர்த்தி முடிந்த பிறகும் மாமி தன் கையில் சொட்டு விட்டுப் பார்க்கவில்லை. நான் கச்சேரிக்குச் சேலை உடுத்திக்கொண்டு நின்றாலும் கூப்பிட்டு என் கையில்தான் விடுவார்.

போன வருஷம் மாமிக்குப் பாரிசவாதம் வந்தது. வலக்கை விழுந்துவிட்டது. சொற்கள் உள்ளே நின்றுவிட்டன. எதையோ சொல்ல வாய் கோணும்போது, அப்பா பதறிப்போய், "தண்ணியா? ஃபானைப் போடவா? சாய்ஞ்சு படுக்கப்போறியளா?" என்று அடுக்குவார். மாமி கண்ணை மூடிக்கொள்வார். அந்தக் கண்மூடலை என்னைப் போல அறிந்தவர்கள் எங்கள் வீட்டில் இல்லை. டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். மீன் நல்லது என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் சமையல். இந்த மாதம் முழுக்க நான் மீன் தொடுவதில்லை. நேர்த்தி என்று சொன்னால் அப்பா சந்தோஷப்படுவார், ஆனால் காரணம் வேறு. விடை தெரிந்துகொண்டு கேட்கும் கேள்விக்கு மாமி வாய் திறக்கமாட்டார், எனக்கு அது தெரியும். இன்று சூடைமீன் சொதி வைத்தேன். மாமிக்கு உப்பில்லாமல் முதலே வேறாக எடுத்து வைத்துவிட்டு, சட்டியில் குத்துமதிப்பாகக் கொஞ்சம் போட்டேன். கதிரையைக் குசினிக்குள் இழுத்து அவரை இருத்தி, ஊதி ஆற்றி, இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டேன்.

"உப்புக் காணுமா மாமி?"

நக்கினார். என்னைப் பார்த்தார். வாசலில் அப்பா வாயைத் திறந்தார், நான் கையைக் காட்டி மறித்தேன். சொதி கொதித்தது. மாமியின் உதடுகள் ஒரு பக்கமாகக் குவிந்தன, நடுங்கின, விட்டுப்போயின, திரும்பக் குவிந்தன. நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு உண்மையாகவே தெரியாது.

"உ... ப்பு."

மீன் அழிந்த போத்தலைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டேன். மாமி கையை இன்னொருமுறை நீட்டினார். முகத்தின் ஒரு பக்கம் சிரித்தது. "உப்பு" என்றார். போட்டேன்.

மத்தியானம் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்த அப்பா, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மாமியைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் சொதி விட்டுக்கொண்டார்.