விடைக்கோழிகள்

கோழி வளர்ப்பது லேசான வேலை என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முற்றத்தில் நாலு பிடி குறுணலை எறிந்தால் தன்பாட்டில் மேயும், பொழுதுபடத் தானாக வந்து அடையும் என்று கதைக்கிறவர்கள், ஒரே வயதுக் கோழிகளை மட்டும் வளர்த்தவர்களாக இருக்க வேண்டும். என் வளவில் வெவ்வேறு வயதில் மூன்று கூட்டம் நின்றது. பெரியதுகள், நடுவிலதுகள், குஞ்சுகள். கூடு மட்டும் ஒன்று. வயலில் புல்லுப் பிடுங்கி, நோகிற நாரியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், படலையடியிலேயே கோழிகளின் சண்டை கேட்கும். இருந்து ஒரு தேத்தண்ணி குடித்த நாட்கள் குறைவு.

அது ஏன் மூன்று வயதாய்ப் போனது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஆட்களில் பிள்ளைப்பெற்றவளுக்குச் சரக்கு அரைத்துக் கோழிக்கறி கொடுப்பார்கள். மிளகு, மல்லி, சீரகம், உள்ளி எல்லாம் அரைத்து, தூள் போடாமல், நல்லெண்ணெய் விட்டுக் காய்ச்சுகிற கறி. அதற்குக் கண்ட கோழியும் ஆகாது. சேவல் கூடாது, முட்டையிட்ட பேடும் கூடாது. முட்டையிடத் தொடங்காத இளம் பேடுதான் வேண்டும். அதைத்தான் விடைக்கோழி என்போம். ஏன் அப்படி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தீவிலிருந்து இந்த வயற்பக்கம் குடியேறி வந்த காலத்தில் என் மாமியார் எனக்கு அப்படித்தான் தந்தார், என் மகளுக்கு நான் அப்படித்தான் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஊரில் கேட்டு வாங்கலாம்தான். ஆனால் ஊரான் வீட்டுக் கோழி முட்டையிட்டதோ இல்லையோ என்று யார் சத்தியம் பண்ணுவது? அந்த விசயத்தில் நான் யாரையும் நம்புகிற ஆளில்லை. நானே வளர்க்க வேண்டும். வளர்ப்பதென்றால், மகள் முழுகாமல் இருக்கிறாள், வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த உடனே முட்டையை அடை வைத்தால்தான் பிள்ளை பிறக்கக் கோழியும் பருவத்துக்கு வரும்.

இங்கேதான் சிக்கல். பிள்ளை பிறக்க முன்னம் ஒன்றும் ஆயத்தம் செய்யக் கூடாது. துணி வாங்கக் கூடாது, தொட்டில் கட்டக் கூடாது, பெயரைக்கூடக் கதைக்கக் கூடாது. கண் பட்டுவிடும். மற்றதெல்லாம் பிள்ளை பிறந்தபிறகு ஓடித் திரிந்து செய்யலாம். கோழியை அப்படிச் செய்ய முடியாதே.

முதல் தரம் நான் அடை வைத்ததை வாய் ஓயாமல் ஊரெல்லாம் சொன்னேன். குஞ்சுகள் இறகு மாற முதலே மகளுக்குக் கலைந்துவிட்டது. இரண்டாம் தரம் இரண்டு பேருக்கு மட்டும் சொன்னேன். அதுவும் தங்கவில்லை. அந்தக் கோழிகள் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்தன. அவற்றை அடிக்கவும் மனமில்லை, விற்கவும் மனமில்லை. யாருக்கென்று வளர்த்தேனோ அந்தப் பிள்ளை வரவில்லை, பிறகு எந்த வாய்க்கு அந்தக் கறி இறங்கும்? கூவித் திரிந்த சேவல்களைக் கொடுத்துவிட்டேன். பேடுகள் நின்று முட்டையிட்டன. முதல் தரத்தின் கோழிகள் பெரியதுகள். இரண்டாம் தரத்தின் கோழிகள் நடுவிலதுகள்.

மூன்றாம் தரம் மகள் மெதுவாக வந்து காதுக்குள் சொன்னபோது எனக்குச் சந்தோசம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் அலுப்புத்தான் வந்தது. "ஓம், கவனமா இரு பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். அவளும் மருமகனும் எங்கள் வளவிலேயே அரசாங்கம் கட்டித்தந்த வீட்டுத்திட்ட வீட்டில் இருக்கிறார்கள். அவள் கண்ணில் படாமல் ஒரு மத்தியானம் ஓலைக் கடகத்துக்குள் வைக்கோலைப் போட்டு, முட்டை வைத்து, அடைக்கோழியைத் தூக்கி இருத்தினேன். கேட்டவர்களுக்கு, "சும்மா அடை கிடந்துது, வைச்சன்" என்றேன். இந்தத் தரம் என் வாயால் ஒன்றும் கெடக் கூடாது.

அந்தப் பயத்தில்தான் பிழை விட்டேன். குஞ்சுகளுக்குத் தனிக் கூடு போட்டால், தனித் தீன் வாங்கினால், எதற்கென்று சனம் கேட்கும். அதனால் எல்லாவற்றையும் ஒன்றாக விட்டேன். முட்டைக்கோழித் தீன்தான் எல்லாவற்றுக்கும் வைத்தேன். தாய்க்கோழி கூடத் திரிந்தவரைக்கும் மற்றக் கோழி ஒன்றும் கிட்டப் போகவில்லை. ஒரு நாள் அது தன் குஞ்சுகளைத் தானே கொத்தித் துரத்திவிட்டு முட்டையிடப் போய்விட்டது. அன்றிலிருந்து தொடங்கியது.

பெரியதுகள் ஒரு கொத்தோடு விட்டுவிடும். நடுவிலதுகள்தான் மோசம். பெரியதுகளிடம் தாங்கள் வாங்கின கொத்தை எல்லாம் குஞ்சுகளின் மண்டையில் இறக்கும். தீன் தட்டத்துக்குக் கிட்ட விடாது, தண்ணிக்கு விடாது. பொழுதுபடக் கூட்டுக்குள் போனால் மேல் தடியெல்லாம் பெரியதுகளுக்கு. குஞ்சுகள் கீழே மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். விடியக் கதவைத் திறந்தால் முதுகெல்லாம் எச்சத்தோடு வெளியே வரும். ஒன்று செத்தது. பிறகு இன்னொன்று. என் மனுசன் கதிரையில் இருந்துகொண்டு, "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதப்பா" என்றார்.

"தாய் மிதிச்சால்தான் சாகாது. பெரியம்மாவும் சின்னம்மாவும் சேர்ந்து கொத்தினால் சாகும். எழும்பி வந்து பாருங்கோ" என்றேன்.

வந்து பார்த்தார். "கூட்டை ரெண்டாப் பிரியும் எண்டு நான் எப்பவோ சொன்னனான். நீர்தான் சனம் கேக்கும் எண்டு நிண்டனீர். கடவுளுக்கு வேற வேலை இல்லையே, உம்மட கோழிக்கூட்டைப் பாத்துக்கொண்டிருக்க?"

அவர் சொன்னது சரிதான். சரியென்று தெரிந்தும் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். பரந்தனில் நான் தீன் வாங்குகிற கடைக்காரனும் ஒரு நாள் சொன்னான். "அக்கா, முட்டைக்கோழித் தீன்ல சுண்ணாம்புச் சத்துக் கூட. குஞ்சுகளுக்கு அது கூடாது, உள்ளுக்கப் பழுதாக்கிப்போடும். எல்லாத்துக்கும் வளரும் கோழித் தீனையே போடுங்கோ. முட்டையிடுறதுகளுக்கு மட்டும் சிப்பியை இடிச்சு ஒரு தகரத்தில புறம்பா வையுங்கோ. தேவையானது வந்து தின்னும், குஞ்சு அதைத் தொடாது." நான் தலையை ஆட்டிவிட்டு, வழக்கமான தீனையே வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். திடீரென்று தீனை மாற்றினாலும் யாராவது ஏன் என்று கேட்பார்களே!

பிறகு ஒரு விடியற்காலை மகளுக்கு இரத்தம் பட்டது. மருமகன் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினார், நானும் கூட இருந்தேன். வழி முழுக்க அவள் ஓட்டோவின் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டு வந்தாள். என் கையைப் பிடிக்கவில்லை. ஆசுபத்திரியில் வாட்டில் மறித்துக் கட்டிலில் போட்டார்கள். அசையாமல் படுக்க வேண்டும், பிள்ளையின் துடிப்பு இருக்கிறது, பார்ப்போம் என்றார்கள். இந்தப் "பார்ப்போம்" என்ற சொல்லை நான் முன்னமும் இரண்டு தரம் கேட்டிருக்கிறேன்.

மாற்று உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். தண்ணிச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது. மண்டையில் தோல் இல்லை. அதைக் கொத்தின நடுவிலது பக்கத்திலேயே நின்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. சரி, இதுவும் போச்சு என்று அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. அழுது முடியக் கோபம் வந்தது. கோழியில் இல்லை, என்னில்தான். கண்படும் கண்படும் என்று வாயை மூடினேன், கையைக் கட்டினேன். அதனால் ஒன்றும் தப்பவில்லை. காவல் நில்லாமல் விட்டுவிட்டு, கண் பட்டதென்றால் என்ன நியாயம்?

"நாசமாப் போனதுகளே!" என்று எழும்பி, கோழிகளை எல்லாம் முற்றத்துக்குத் துரத்தினேன். கூட்டை நடுவால் வலை போட்டு மறித்தேன். ஒன்றையொன்று பார்க்கலாம், கொத்த ஏலாது. வெளியில் பனைமட்டையால் ஒரு தடுப்புக் கட்டி, குஞ்சு மட்டும் நுழைகிற அளவுக்கு நீக்கல் விட்டேன். துரத்தினால் ஓடி உள்ளே போகும், பெரியது தலையை மட்டும் விட்டுக் கத்தும். தட்டம் ஒன்று இருந்த இடத்தில் நாலு வைத்தேன். நாலையும் ஒரு கோழி காவல் காக்க முடியாது. குஞ்சுகள் ஏறிப் படுக்கக் கூட்டுக்குள் பதிவாக, நிலத்துக்குக் கிட்ட ஒரு தடி கட்டினேன்.

மனுசன் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கே இப்போது பயம் வந்துவிட்டது போல. "சனம் கேட்டால் என்ன சொல்லப் போறீர்?" என்றார்.

"எங்கட பிள்ளைக்குப் பத்தியத்துக்கு எண்டு சொல்லுவன். கேக்கிறவை வடிவாக் கேக்கட்டும். அந்தச் சுத்தியலைத் தாங்கோ."

அடுத்த கிழமை பரந்தனுக்குப் போய்த் தீனையும் மாற்றினேன். சிப்பித் தகரத்தைப் பெரியதுகள் சுற்றி நின்று தின்றன, குஞ்சுகள் திரும்பியும் பார்க்கவில்லை. வலையை எடுக்கிற காலம் வந்தபோது குஞ்சுகள் உயர்ந்துவிட்டன. எடுத்த அன்று கொஞ்சம் துரத்துப்பட்டன, பிறகு ஆளுக்கொரு பக்கம் மேயப் போயின. அதற்குள் மகளும் ஆசுபத்திரிக்கும் வீட்டுக்குமாக இழுபட்டு, பாதி நாள் படுக்கையும் பாதி நாள் பயமுமாக மாதங்களைத் தள்ளினாள். நான் வயலுக்கும் வாட்டுக்கும் கூட்டுக்குமாக ஓடினேன். அந்த நாட்களில் ஒரு முழு நித்திரை கொண்டதாக ஞாபகம் இல்லை.

பிள்ளை பிறந்தது. பொம்பிளைப் பிள்ளை. சின்ன உடம்பு, ஆனால் வாட்டே கேட்கிற சத்தம். மகள் வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து, மிஞ்சி நின்ற விடைக்கோழிகளில் நல்லதொன்றை மனுசன் அடித்துத் தந்தார். அம்மியில் சரக்கு அரைத்தேன். கை சோர்ந்து, அரைக்கிற பாதியில் இரண்டு தரம் இருந்து எழும்பினேன். சோற்றைக் குழைத்துக் கறியை விட்டு அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா, இது எனக்கெண்டு வளத்ததோ?" என்று கேட்டாள்.

"பின்ன ஊருக்கோ? ஆற முதல் சாப்பிடு."

"எனக்குத் தெரியும். மூண்டு முறையும் நீங்கள் அடை வைக்கேக்க நான் குசினி யன்னலுக்கால பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

இந்தத் தரம் எவ்வளவு ஒளித்தேன்!

"இந்த முறை வைக்க மாட்டியள் எண்டுதான் நினைச்சன்" என்றாள். "வைக்காமல் விட்டிருந்தால், அம்மாவும் கை விட்டிட்டா எண்டு எனக்கு விளங்கியிருக்கும். நீங்கள் அந்தக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு போறதைக் கண்டாப் பிறகுதான் அம்மா, நான் என்ர வயித்தில கையை வைச்சுப் பாத்தனான்."

பிள்ளை சிணுங்கியது. நான் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன், அவள் மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தாள்.