கரையில்லாத ஏரிக்காரர்

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஒரே ஒரு லாரியில் ஆரம்பித்தேன். இன்று ஒரகடத்தைச் சுற்றி நிற்கும் பாதி கம்பெனிகளுக்கு அடிமண் நான் ஏரிகளில் தோண்டிக் கொட்டியதுதான். எந்த ஏரியையும் பார்த்த மாத்திரத்தில் ஆழம் சொல்வேன். இதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

எங்கள் மாடியில் ஓர் இத்தாலிக்காரர் குடியிருந்தார். ஒரு கம்பெனிக்கு மிஷின் பூட்ட வந்த இன்ஜினியர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் ஊர் ஏரியைப் போனில் காட்டினார். அதே கம்பெனியில் வேலை பார்க்கும் என் மருமகள் அவர் பேச்சைத் தமிழில் சொன்னாள்.

இரண்டு பக்கமும் செங்குத்தாக மலை. நடுவே பாம்பு படுத்த மாதிரி நீலத் தண்ணீர். கரையைத் தேடினேன், மதகைத் தேடினேன், ஒன்றும் இல்லை.

"யாரு வெட்டனது இத?"

"யாருமே வெட்டலயாம் மாமா. ஆதி காலத்துல பனிக்கட்டி ஆறு மாதிரி நகுந்து வந்து பாறையவே தோண்டிச்சாம். அது தள்ளிகினு வந்த கல்லும் மண்ணுந்தான் கீழ்க்கோடில அணையாட்டம் நிக்குதாம்."

"ஆழம்?"

"நூறு மாடிக் கட்டடத்த எறக்குனாலும் உச்சி தெரியாதாம். ஓரத்துல ரெண்டு அடி வெச்சா போதும், கால் எட்டாதாம். சின்ன வயசுலருந்தே பாறை மேலருந்து தலைகீழா குதிப்பாராம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாறையை ஐஸ் தோண்டியதா? என்னிடம் இருந்த அத்தனை மிஷினாலும் முப்பது அடிக்குக் கீழே போக முடிந்ததில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"நம்ம ஏரி மட்டும் இன்னா? மதகாண்ட நான் தோண்டனது. பாதாளம்! சொல்லு அவருகிட்ட."

"மாமா, ரொம்ப வுடாதீங்க," என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொல்லியும் விட்டாள்.

அவர் உடனே பார்க்க வேண்டும் என்றார். மூவரும் போனோம். பங்குனி வெயிலில் ஏரி வற்றத் தொடங்கியிருந்தது. நான் தோண்டியது உண்மைதான். ஆனால் அது எத்தனையோ மழைக்கு முந்தி. பள்ளம் தூர்ந்து, மதகடியில் இடுப்பளவுத் தண்ணீரும் சேறும்தான். கலங்கல் தண்ணீர், வெளியூர்க்காரருக்கு என்ன தெரியும்? நான் திரும்பிப் பார்ப்பதற்குள் சட்டையைக் கழற்றி மதகின் மேல் ஏறி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நீட்டிவிட்டார்.

"ஐயோ, வேணாம்!"

தமிழில்தான் கத்தினேன்.

'தொப்'பென்று சேற்றில் அடித்த சத்தம். கால்கள் இரண்டும் வெளியே தெரிந்தன. வேட்டியோடு குதித்து அவரை இழுத்து நிமிர்த்தினேன். முகம் முழுக்கச் சேறு. கண் திறந்திருந்தது, பேச்சில்லை.

"காலு அசையுதான்னு கேளும்மா!"

அழுதுகொண்டே கேட்டாள். கட்டை விரல் மெல்ல அசைந்தது.

ஆஸ்பத்திரியில் பார்த்ததில் கழுத்து தப்பியது, மணிக்கட்டு இரண்டும் முறிந்துவிட்டன. "ஆழம்னு யாரு சொன்னது?" என்று டாக்டர் கேட்டார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான்," என்றேன். "இடுப்பளவுன்னு எனக்குத் தெரியும். அதையும் அவருகிட்ட சொல்லும்மா."

சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு ஏதோ சொன்னார். அதை மட்டும் மருமகள் எனக்குத் தமிழில் சொல்லவில்லை.