அக்காவுக்கு வந்த நிறம்

பழம் தின்றால் நிறம் வரும் என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். பஸ்ஸில் என்றால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன். திமிர் பிடித்தவள் என்று அதற்காகப் பெயரும் வாங்கியிருக்கிறேன். இருக்கட்டும். என் அக்காவுக்கு அப்படித்தான் நிறம் வந்தது. வந்து ஒரு மாதம் ஆவதற்குள் அவளைப் புதைத்தோம்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில் எல்கடுவைக்கு மேலே இருந்தது. அரிசியும் மாவும் அரைகுறையாகக் கிடைத்த பஞ்ச காலம் அது. பாண் ரொட்டிக்கு விடியுமுன்பே கடையில் போய் நிற்க வேண்டும். நின்றாலும் கிடைக்கும் என்று இல்லை. ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்தில் பெரியவர்களுக்குக் கால் வீங்கியது, பிள்ளைகளுக்கு வயிறு முன்னால் தள்ளியது. எங்கள் உயிரைப் பிடித்து வைத்தது மரவள்ளியும் பூசணியும் பப்பாசியும்தான். லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் பூசணி தன் பாட்டுக்குப் படர்ந்தது. காலையில் அவித்த பூசணி, மத்தியானம் பூசணிக் கறி, ராத்திரி அதே பூசணியில் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் கஞ்சி என்று ஒரு பெயர். தின்று தின்று எங்கள் எல்லோருடைய உள்ளங்கையும் மஞ்சளாகிவிட்டது.

முதலில் பயந்தோம். தோட்டத்து மருந்துக்காரர் கையைப் பார்த்துவிட்டு, "இது நோவு இல்ல, பூசணி. சாப்பாடு மாறுனா தன்னால போயிரும்" என்றார். அதற்கப்புறம் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் கையை நீட்டி, யாருடையது அதிக மஞ்சள் என்று பார்த்துச் சிரிப்பார்கள். பசியிலும் சிரிக்க ஏதாவது வேண்டுமே. மருந்துக்காரர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த உண்மைதான் எங்களுக்கு வினையாகப் போனது.

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அம்மாவோடு மலைக்குப் போய்க் கொழுந்து எடுப்பாள். வாய்த்துடுக்குக்காரி. கங்காணி நடக்கிற மாதிரியே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டுவாள்; அப்பாவே சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விடுவார். நல்ல கறுப்பு. முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய், 'பொண்ணு கொஞ்சம் நெறம் மட்டு' என்று சொல்லியனுப்பினார்கள். கறுப்பே அழகு, காந்தலே ருசி என்று பழமொழி இருக்கிறது. அதைச் சொல்கிற எவரும் எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வரவில்லை.

அம்மா அழவில்லை. வைராக்கியம் பிடித்துக்கொண்டாள். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இன்னொரு சம்பந்தம் வரப்போவதாகச் செய்தி வந்ததும், அக்காவை மலைக்கு அனுப்புவதை நிறுத்தினாள். வெயில் படக்கூடாதாம். ஒருத்தி கைக்காசு போனால் எங்கள் வீட்டில் எத்தனை பேர் வயிறு காயும் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் நிறுத்தினாள். பழுத்த பப்பாசியெல்லாம் அக்காவுக்கு. தோலை முகத்தில் தேய்க்க, சதையைத் தின்ன. எங்கேயோ கெஞ்சிக் கூத்தாடி கரட்டும் தக்காளியும் வாங்கி வந்து அதையும் அவளுக்கே கொடுத்தாள். எனக்கும் தம்பிக்கும் மரவள்ளி. நான் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் அக்கா ஒரு துண்டை என் வாயில் திணிப்பாள்.

"நீயும் செவத்துக்கடி. ஆனா என்னய விடக் கொஞ்சம் கம்மியா."

அவளுக்கு நிறம் வந்தது. முதலில் கையில், பிறகு கழுத்தில், பிறகு முகமெல்லாம். பக்கத்துக் காம்பராக்காரி வாசலில் நின்று, "அடி ஆத்தி, பொண்ணு பொன்னாட்டம் ஆயிருச்சே!" என்றாள். அம்மாவின் முகத்தில் நான் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. பசியோடு மலைக்குப் போய், பசியோடு திரும்பி வந்து, வாசலில் கூடையை இறக்கும்போதே அக்காவின் முகத்தைத்தான் பார்ப்பாள்.

அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றாள். கல்யாணப் பேச்சு எடுத்தால் அப்படித்தான் இருக்கும் என்று பெண்கள் கேலி செய்தார்கள். ஒன்றுக்குப் போனால் கடும் மஞ்சளாகப் போகிறது என்று அம்மாவிடம் சொன்னாள். "பூசணிய தின்னா வேற எப்புடிடி போவும்?" என்றாள் அம்மா. சோறு வேண்டாம் என்றவளுக்கு இன்னும் கொஞ்சம் பப்பாசி கிடைத்தது.

கண்ணை ஏன் யாரும் பார்க்கவில்லை என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். லயத்துக் காம்பராவில் கதவு வழியாக வருவதுதான் வெளிச்சம். அந்தக் கதவையும் வெயில் வருகிறது என்று அம்மா சாத்தி வைத்தாள். நாங்கள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்த் திரும்பும்போது இருட்டிவிடும். அதோடு, பெண் பார்க்க வரும்போது தலை நிமிரக் கூடாது என்று அவளுக்கு வீட்டிலேயே பழக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கங்காணி மாதிரி நடந்து காட்டியவள் தரையைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவன் அம்மா, தாய்மாமன். சீனி கிடைக்காத காலம்; தேத்தண்ணியோடு கடித்துக்கொள்ள ஆளுக்கொரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டி வைத்தோம். அக்கா குனிந்த தலையோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"என்னாங்க இது, கை இப்புடி மஞ்சளா இருக்கு?"

பக்கத்துக் காம்பராக்காரிதான் சமாளித்தாள். "எங்க லயத்துல எல்லாருக்கும் இந்தக் கைதாங்க. பூசணிக் கை!" என்று தன் கையை நீட்டினாள். அப்பா நீட்டினார். நான் நீட்டினேன். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களும் ஒவ்வொருத்தியாக நீட்டினார்கள். அத்தனை மஞ்சள் கைகளைப் பார்த்து வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எங்க பக்கமும் இதே கததான்" என்று தாய்மாமன் தன் கையையும் காட்டினார். காரியம் பழம்தான் என்று அப்பாவின் முகத்தில் தெரிந்தது.

மாப்பிள்ளை வாய் திறந்தது ஒரே ஒரு தடவைதான்.

"தலைய கொஞ்சம் நிமிரச் சொல்லுங்களேன். கண்ணப் பாக்கவே இல்லையே."

அவன் அம்மா அவன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "என்னாடா அவசரம்? காலம் பூரா பாக்கத்தானே போற!"

எல்லோரும் மறுபடியும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள், தரையைப் பார்த்துக்கொண்டே. தை பிறந்ததும் கல்யாணம் என்று முடிவாயிற்று.

அதற்கடுத்த வாரத்தில் அவள் குழாயடியில் விழுந்தாள். தண்ணீர் எடுக்கப் போனவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாரோடு பேசுகிறாள் என்று தெரியாமல் பேசினாள். அப்பாவும் லயத்து ஆட்களும் கம்பளியில் கட்டி ரோட்டு வரைக்கும் தூக்கிப் போனார்கள். கொழுந்து லொறியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் பார்க்கவில்லை, நாடியைக்கூடப் பிறகுதான் பிடித்தார். முதலில் கட்டை விரலால் அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தார். நல்ல வெளிச்சத்தில் நாங்கள் அந்தக் கண்ணைப் பார்த்தது அப்போதுதான். வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள்.

"பூசணி தின்னதுங்க ஐயா" என்றார் அப்பா.

"பூசணி தோலோட நிக்கும். கண்ணுக்குப் போவாது" என்றார் டாக்டர். "இது காமாலை. ஈரல் கெட்டுப்போயிருக்கு. இவ்வளவு நாளா என்னா செஞ்சீங்க?"

என்ன செய்தோம்? பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். அதை யாரிடம் சொல்வது?

மறுநாள் சாயங்காலம் அவள் போய்விட்டாள். பழத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அது பசியாற்றியது, அவ்வளவுதான். கறுப்பாகப் பிறந்தவளை மாற்றிக் கொண்டுவா என்று கேட்டவர்கள் மேல்தான் என் கோபம் இன்னும் ஆறவில்லை.

பிரேதத்தைக் காம்பரா வாசலில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினார். 'தங்க நெறத்தாளே, தகதகன்னு வந்தவளே' என்று எடுத்தார். சுற்றியிருந்த பெண்களும் கூடச் சேர்ந்தார்கள். செத்தவளைப் பொன் என்று பாடுவது வழக்கம்தான்; அவர்கள் ஒன்றும் நினைத்துப் பாடவில்லை.

அம்மா அத்தையின் வாயைக் கையால் பொத்தினாள்.

"அப்புடிப் பாடாதீங்க அண்ணி. எம்மவ கறுப்பி. கறுப்பின்னு பாடுங்க."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாயைத் திறந்தார். வரவில்லை. மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். பொன்னென்றும் மஞ்சளென்றும் நிலவென்றும் பாடத்தான் அவர்களுக்குத் தெரியும். கறுப்பென்று பாட அங்கே ஒருத்திக்கும் வரி கிடைக்கவில்லை. ஒப்பாரி நின்றுவிட்டது. அம்மா அக்காவின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு தானே பாட ஆரம்பித்தாள். கறுப்பி, என் கறுப்பி என்பதைத் தவிர அதில் வேறு சொல் இல்லை.