மீரா உசேன் பேரில் கொடுத்த ரத்தம்

கூத்தாநல்லூரிலிருந்து மன்னார்குடி போகிற ரோட்டில், பெட்ரோல் பங்குக்கு எதிரே தகரக் கொட்டகை போட்டு மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தவன் மீரா உசேன். வயது இருபத்தெட்டு. வாய் ஓயாதவன். கருகிய மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அழுகிற முகத்தோடு வருகிற விவசாயியைக்கூடச் சிரிக்க வைத்துத்தான் அனுப்புவான். அத்தா இல்லை. அம்மா சைத்தூன் பீவி, ஒரே தங்கச்சி நுஸைபா. தங்கச்சிக்கு மாப்பிள்ளை தேடியபோது, "சித்தீக்குக்குக் குடுங்க, அவன்தான் இவ வாய்க்கு ஈடு குடுப்பான்" என்று செருப்புக் கடை வைத்திருந்த தன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதனையே பிடித்துக் கொடுத்தான். நிக்காஹ் முடிந்த மறுநாள் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், இனிமேல் 'வாடா போடா' கூடாது, 'வாங்க மச்சான்'தான் என்று. அம்மா காதுபட மச்சான். கடைத்தெருவில் பழையபடி டா.

அது 2002. ஆற்றில் தண்ணீர் வராத வருஷம். போர்வெல் வைத்திருந்தவர்கள் ராத்திரி பகலாக மோட்டாரை ஓட்டிக் கருக்கினார்கள், மீரா உசேனுக்கு வேலை குவிந்தது. ஆனால் உள்ளூரில் உழைக்கிற மாப்பிள்ளையை அந்தப் பக்கத்தில் யார் மதிக்கிறார்கள்? தன் மகள் ஷிஃபாவை அவனுக்கு நிச்சயம் செய்திருந்த அப்துல் ரஹ்மான், பார்க்கிற இடத்தில் எல்லாம் "மாப்பிள்ளை எப்ப சபர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சபர் என்றால் அங்கே கடல் தாண்டிப் போவது. கேட்டுக் கேட்டே அவனைக் கிளப்பிவிட்டார். ஜூன் மாதம் எலெக்ட்ரீஷியன் வேலைக்கு ட்ரேட் டெஸ்ட் கொடுக்க பம்பாய் போனான்.

அங்கே பதினோரு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அறையில் கூட இருந்த ஆறு பேர் ஒரு மத்தியானம் ஓர் இடத்துக்குக் கிளம்பினார்கள். வரவில்லை என்றால் ஊர் போகிறவரை கேலி செய்வார்கள் என்று இவனும் போனான். ஆசையும் இருந்தது, இல்லை என்று சொல்வானேன். அரை மணி நேரம். பாதுகாப்பு என்கிற பேச்சே அங்கே எழவில்லை. அந்தப் பெண்ணின் முகம்கூட அவனுக்குச் சரியாக நினைவில்லை. சுவரில் மாட்டியிருந்த பழைய காலண்டர்தான் நினைவிருந்தது.

பயம் ஊருக்கு வந்த பிறகுதான் பிடித்தது. திருவாரூர் பஸ் ஸ்டாண்டு சுவரில் எய்ட்ஸ் விளம்பரம் ஒன்றை நின்று முழுக்கப் படித்தான். அன்றையிலிருந்து மனுஷன் மனுஷனாக இல்லை. தினம் காலையில் கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிப் பார்ப்பான். பஸ் ஸ்டாண்டு எடை மெஷினில் வாரத்துக்கு இரண்டு தடவை ஏறுவான். அது எடையோடு சேர்த்து 'உங்கள் முயற்சி கைகூடும்' என்று ஜோசியமும் அச்சடித்துக் கொடுக்கும், அதைக் கசக்கி எறிவான். சளி பிடித்தால் அது. கொசு கடித்துத் தடித்தால் அதுவும் அது. வாரப் பத்திரிகையில் டாக்டர் பதில் சொல்கிற பக்கத்தைக் கொட்டகைக்குள் ஒளித்து வைத்துப் படித்தான். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் என்பது அவனுக்கும் தெரியும். இருந்தும் நாளைக்கு என்று தள்ளிவிடுவான். அப்படி நாலு மாதத்தைத் தள்ளினான்.

அக்டோபரில் விசா வந்தது. விசாவோடு மெடிக்கலும் வந்தது. சென்னையில் ஒரு மெடிக்கல் சென்டரில் எக்ஸ்ரே, மூத்திரம், ரத்தம் எல்லாம் பார்த்து 'ஃபிட்' என்று முத்திரை குத்தினால்தான் விமானம். ரத்தத்தில் எதைப் பார்ப்பார்கள் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. அது எப்பேர்ப்பட்ட யோசனை என்று அப்போது யாராவது சொல்லியிருக்கக் கூடாதா!

சித்தீக்கிடம் போனான். போன வருஷம் தனக்கு மஞ்சள் காமாலை வந்து போனதாகவும், கல்லீரல் கோளாறு ரத்தத்தில் தெரிந்தால் அன்ஃபிட் ஆகிவிடும் என்றும் அளந்தான்.

"எக்ஸ்ரேக்குத்தான்டா பாஸ்போர்ட்டப் பாப்பாங்க. ரத்த ரூம்ல டோக்கன் மட்டும்தான். நீ கையை நீட்டிட்டு வந்துடு."

சித்தீக் சிரித்தான். "ரத்தம்தானே? உன் தங்கச்சி தினம் உறிஞ்சுறாளே, இன்னைக்கு உனக்குக் கொஞ்சம் போகட்டும்."

அப்படியே நடந்தது. கூட்டத்தில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள், சித்தீக் உள்ளே போனான், முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தான். குழாயில் ஒட்டிய சீட்டில் மீரா உசேன் என்று எழுதியிருந்தது. எழும்பூரில் இரண்டு பேரும் பிரியாணி சாப்பிட்டார்கள். அன்று ராத்திரி மீரா உசேன் நாலு மாதத்தில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினான்.

நாலாம் நாள், விசா ஏற்பாடு செய்த டிராவல்ஸ்காரர் அஹமது கபீர் ஆள் விட்டு அழைத்தார். மற்றவர்களை வெளியே போகச் சொல்லி, கண்ணாடிக் கதவைச் சாத்தினார். எப்போதும் டீ சொல்கிறவர் அன்று சொல்லவில்லை.

"அன்ஃபிட்டுப்பா," என்றார். குரலை இறக்கினார். "ரத்தத்துல அது இருக்காம். ரெண்டு தடவை பாத்துட்டாங்களாம்."

நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டுமென்றால், மீரா உசேனுக்கு முதலில் வந்தது நிம்மதி. அது என் ரத்தம் இல்லையே என்று மனசு ஒரு துள்ளுத் துள்ளியது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அடுத்த மூச்சில் அது யாருடைய ரத்தம் என்று உறைத்தது. நுஸைபாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். அவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். அந்த ஒரு மூச்சுச் சந்தோஷத்துக்காக அவன் தன்னை இன்று வரை மன்னித்ததில்லை.

வீட்டில், எக்ஸ்ரேயில் ஏதோ கறுப்பாகத் தெரிந்ததாம் என்று புளுகினான். சித்தீக் வீட்டுக்கு வழக்கம்போலப் போனான், நுஸைபா கொடுத்த டீயைக் குடித்தான், அவள் வயிற்றைப் பார்க்காமல் திரும்பி வந்தான். சொல்லிவிட வேண்டும் என்று வாசல் வரை போவான், வாசலில் தங்கச்சியின் செருப்பைப் பார்த்ததும் திரும்பிவிடுவான். சொன்னால் தங்கச்சியின் குடும்பம் போயிற்று. சொல்லாவிட்டால் தங்கச்சியே போய்விடுவாள். இப்படி மூன்று நாள்.

மூன்றாம் நாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கடைக்குப் போனான். காலை பதினொரு மணிக்கு ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனான். செருப்பு அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே சித்தீக் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"இப்பத்தான் டிராவல்ஸ் பக்கமிருந்து ஒரு ஆள் வந்துட்டுப் போனான்," என்றான் சித்தீக். "உன் மச்சானுக்கு அந்த வியாதியாமே, பாத்துப் பழகுன்னு புத்தி சொல்லிட்டுப் போறான்."

மீரா உசேன் ஒரு பெட்டியை நகர்த்திவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"டேய். அது என் ரத்தம்டா."

வெளியே ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"மூணு நாளா."

"மூணு நாளும் என் வீட்டுல வந்து டீ குடிச்சிருக்கே." சித்தீக் நிமிர்ந்து பார்த்தான். "உனக்கு எப்படா மஞ்சக்காமாலை வந்துச்சு? வீட்டுக்குப் போன் போட்டு உன் தங்கச்சியைக் கேட்டேன். அண்ணனுக்கு அப்படி ஒண்ணும் வரலையேங்கிறா. பின்ன எதுக்குடா என்னைக் கையை நீட்டச் சொன்னே?"

அப்போதுதான் மீரா உசேன் பம்பாயைச் சொன்னான். தலையைத் தூக்காமல், தரையில் கிடந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தான். சித்தீக் அந்தச் செருப்பை எடுத்து, அதன் பெட்டியில் போட்டு மூடினான். அடித்திருந்தால்கூடத் தேவலை.

"எனக்கு ஒண்ணும் இருக்காதுன்னு உனக்கு அவ்ளோ நம்பிக்கை," என்றான் கடைசியில். சிரிக்கப் பார்த்தான். உதடு கோணிக்கொண்டது.

எப்படி வந்தது என்று மீரா உசேன் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. "நுஸைபா," என்றான் சித்தீக். இரண்டு பேரும் பாதி இருட்டில் உட்கார்ந்து அழுதார்கள்.

அன்று வீட்டில் சித்தீக் மனைவியிடம் என்ன சொன்னான், அவள் என்ன கேட்டாள், அது அவர்கள் இரண்டு பேருக்கும் படைத்தவனுக்கும்தான் தெரியும். மறுநாள் காலை தஞ்சாவூர் பஸ்ஸில் மூன்று பேரும் ஏறினார்கள். நுஸைபா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தாள். கண் வீங்கியிருந்தது. நீடாமங்கலம் வரை காய்ந்து வெடித்த வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தார்கள். இந்தத் தடவை அவரவர் கை, அவரவர் ரத்தம். ஆலோசகராக இருந்தவள் சுடர்விழி என்று ஒரு சின்னப் பெண். ஒவ்வொருவராகத் தனியே அழைத்துப் பேசினாள். சித்தீக் உள்ளே போய் வெகு நேரம் கழித்து வந்தான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அடுத்தது நுஸைபா. அவள் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "இப்போதைக்கு இல்லையாம். மூணு மாசம் கழிச்சு இன்னொரு தரம் பாக்கணுமாம்," என்றாள். சொல்லிவிட்டுப் புருஷனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கடைசியாக மீரா உசேன். எப்போது நடந்தது, எப்படி நடந்தது என்று சுடர்விழி கேட்டாள். முகம் சுளிக்காமல் கேட்டது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"நாலரை மாசம் ஆயிடுச்சு. இந்த ரிசல்ட்டை நம்பலாம். உங்களுக்கு இல்லைங்க," என்று சொல்லிச் சிரித்தாள்.

அவன் வாய்விட்டுக் கதறினான். தப்பாகக் கேட்டுவிட்டானோ என்று அவள் பயந்துபோய், "இல்லைன்னு சொன்னேங்க, உங்களுக்கு ஒண்ணும் இல்லை," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது! நாலரை மாதம் எந்த வார்த்தைக்காக அவன் செத்துப் பிழைத்தானோ, அதைக் கொண்டுபோய்க் காட்டுவதற்கு இப்போது அவனுக்கு ஒரு வாசல்கூட இல்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் சித்தீக் சொன்னான்: "ஊருல நானே சொல்லிடுறேன். அது என் ரத்தம்னு. உனக்கு எதுக்குடா இந்த அவப்பேரு?"

மீரா உசேன் பதில் சொல்வதற்குள் நுஸைபா திரும்பினாள். அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அண்ணே. பிள்ளை பிறக்குற வரைக்குமாவது..." என்றாள். முடிக்காமலே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவன் தலையை ஆட்டினான்.

அந்த வாரமே அப்துல் ரஹ்மான் ஆள் விட்டு நிச்சயத்தை முறித்தார். காயில் கட்டக் கொட்டகைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். சலூனில் அவனைக் கண்டதும் பிளேடு தீர்ந்துபோனது. ஊர் முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் அந்தச் செய்தி சைத்தூன் பீவியின் காதுக்கு வந்தது. ரமலான் பிறந்து தலைநோன்பு அன்று. யாரோ ஒரு புண்ணியவதி, பள்ளிவாசல் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு நின்ற இடத்தில் அவளிடம் துக்கம் விசாரித்திருக்கிறாள்.

கஞ்சி வாங்காமலே வீட்டுக்கு வந்தாள். நோன்பு திறக்க இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. விரிப்பில் பேரீச்சம்பழத் தட்டின் முன்னால் மகனும் மருமகனும் உட்கார்ந்திருந்தார்கள். நுஸைபா அடுப்படி நிலையில் நின்றிருந்தாள். சைத்தூன் பீவி மகனின் முன்னால் மண்டியிட்டு, அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஊருல என்னென்னமோ சொல்றாளுங்கத்தா. நான் நம்பல. நீ சொல்லு, நம்புறேன். நோன்பு வாயோட இருக்கே. பொய் சொல்லாதே. அது பொய்தானே?"

'இல்லை' என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. சித்தீக் எழுந்திருக்கப் போனான். மீரா உசேன் அவன் தொடையில் கையை அழுத்தி உட்கார வைத்தான்.

"உண்மைதாம்மா," என்றான்.

நிலையில் நின்ற நுஸைபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அந்த வீட்டில் யாரும் தட்டில் கை வைக்கவில்லை.