பஸ்ஸில் பேசிப் படித்த கொரியன்

கொரியன் படிக்கத் தொடங்கி இரண்டு வருடம் கழித்துத்தான் அந்த மொழியில் நான் வாய் திறந்தேன். அதுவரை எல்லாம் கண்ணும் கையும்தான். அரியலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. கோணலாக விழுந்து வீணான தாள்களை முதலாளி எடுத்துக்கொள்ளச் சொல்வார். அவற்றின் பின்பக்கத்தில் எழுதிப் படித்தேன். எழுத்துகள் ஒரு வாரத்தில் பிடிபட்டன. பிறகு நாளைக்குப் பத்து வாக்கியம். போனில் பாடத்தை நிறுத்தி நிறுத்திக் கேட்பது, கேட்டதை எழுதுவது, மறுநாள் பார்க்காமல் எழுதுவது. தாள்கள் ஒரு அரிசிச் சாக்கை நிறைத்தன.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியில் ஒருமுறை எழுந்து நின்று இங்கிலீஷில் பதில் சொன்னபோது வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான், சத்தமே போடாமல் படிக்கிற வழியாகப் பார்த்து வைத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், கொரிய அதிகாரிகள் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் தேவை என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். நன்றாகப் பேசுவேன் என்று அதில் எழுதினேன். எட்டு நாளில் நேரில் வரவும் என்று செய்தி வந்தது. அன்றே சுவரைப் பார்த்து உட்கார்ந்து, என் பெயரையும் ஊரையும் கொரியனில் சொல்லிப் பார்த்தேன். முணுமுணுப்பாகத்தான் வந்தது. தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"தனியா யார்ட்டடா மொணமொணங்குற? காத்து கருப்பு எதாச்சும் பட்டுடுச்சா?"

"படிக்கிறேம்மா."

"படிக்கிற மூஞ்சியா இது? சாயந்தரம் போயி மந்திரிச்சிட்டு வந்துருவோம்."

இரண்டு அறை வீட்டில் இனி வாய் திறக்க முடியாது. மறுநாள் வேலைக்குப் போகும் பஸ்ஸில்தான் வழி தோன்றியது. பக்கத்து சீட்காரர் போனில் ஊர்க்கதை எல்லாம் கத்திக்கொண்டு வந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. போன் காதில் இருந்தால் யாரும் எதையும் பேசலாம். நானும் போனைக் காதில் வைத்தேன். வணக்கம், எப்படி இருக்கிறீர்கள் என்று ஆரம்பித்தேன். எதிர்முனையில் யாரும் இல்லை. இருந்தும் அவருக்குப் பேச இடம் விட்டு, பதில் சொன்னேன். என் அப்பா சிமெண்டு லாரிக்கு மூட்டை ஏற்றுகிறார். என் அம்மா வெங்காயம் அறுக்கப் போகிறார். வழியில் பேரளி ஸ்டாப் வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. ஆனால் பேசிவிட்டேன்.

நான்காம் நாள் எங்கள் தெரு அத்தை ஒருவர் பின் சீட்டில் இருந்தார்.

"என்ன பாஷ தம்பி இது?"

"கொரியன் அத்தை."

"கொரியாவுலேர்ந்தா பேசுறாங்க? வேல விஷயமாவா?"

இல்லை என்று சொன்னால், பிறகு யாரிடம் பேசினேன் என்பார். "ஆமா அத்தை" என்றேன்.

ஆறாம் நாள், எதிர்முனை அதிகாரியிடம் என் படிப்பைப் பற்றி மும்முரமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது காதுக்குள்ளேயே போன் அடித்தது. பஸ் முழுக்கக் கேட்டது. முன் சீட்டில் நான்கைந்து தலைகள் திரும்பின. கண்டக்டர் டிக்கெட் கட்டோடு என்னருகில் நின்றிருந்தார்.

"என்னா தம்பி, பேசிக்கிட்டே இருக்கும்போது மணி அடிக்குது? கொரியா போனு அப்புடித்தானா?"

"எடுங்க தம்பி, பாவம், எவ்ளோ நேரம் அவரே கேட்டுக்கிட்டு இருப்பாரு" என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். கல்லூரியில் கேட்ட அதே சிரிப்பு. திரையில் அம்மா.

"ஏண்டா, எங்கிட்ட சொல்லாம அத்தைகிட்ட சொல்லியிருக்க? வேலைக்கு எடுத்துட்டாங்களாமே. உங்கப்பா லோடு ஏத்துற எடத்துல எல்லாத்துக்கும் மிட்டாய் குடுத்துட்டாரு."

பஸ்ஸே கேட்டுக்கொண்டிருந்தது. "ம்" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குமேல் பயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. வேலை கிடைக்காவிட்டால், மிட்டாய் தின்றவர்கள் முகத்தில் அப்பா தினமும் விழிக்க வேண்டும். மீதி இரண்டு நாளும் பஸ்ஸில் போனை எடுக்கவே இல்லை.

கம்பெனியில் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு கொரிய அதிகாரியும், வேலைக்கு ஆள் எடுக்கும் தமிழ் மேனேஜரும். பெயர், ஊர், அப்பாவின் வேலை என்று கேட்டவரை பஸ்ஸில் சொன்னதையே சொன்னேன். பிறகு அதிகாரி நீளமாக ஏதோ கேட்டார். ஒரு சொல்லும் புரியவில்லை. பஸ்ஸில் என் எதிர்முனை ஆள் எனக்குத் தெரிந்ததை மட்டுமே கேட்டவர். இவர் அவர் இல்லை. என் வலது கை, போன் இல்லாமலே, காதுவரை போய்விட்டது. மேனேஜர் பேனாவை மூடினார்.

முதல் தாளில் எழுதிய வாக்கியம் ஒன்று நினைவுக்கு வந்தது. பஸ்ஸில் அதற்குத் தேவையே வந்ததில்லை. மறுபடி ஒரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள். சொன்னேன். அவர் சொன்னார். இன்னும் புரியவில்லை. திரும்பவும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை ஒவ்வொரு சொல்லாக உடைத்துச் சொன்னார். யாரோடு பேசிப் பழகினாய்?

"யாரோடும் இல்லை" என்றேன். "பஸ்ஸில். போனில். ஆனால் போனில் ஆள் இல்லை."

"பஸ்ஸிலா?" என்று கேட்டுவிட்டு என் கையைப் பார்த்தார். அது இன்னும் காதருகில்தான் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. மேனேஜரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"ஒண்ணாந்தேதி வந்துடுப்பா. மூணு மாசம் ட்ரெய்னிங். தேறலைன்னா அனுப்பிடுவோம்" என்றார் மேனேஜர்.

வெளியே வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, வேலை கெடச்சிருச்சுப்பா."

"அதான் முன்னாடியே கெடச்சிருச்சே. இப்ப என்ன?"

"ஒண்ணுமில்லப்பா."

"சரி, லாரி நிக்குது, வச்சிர்றேன்."

வைத்துவிட்டார். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல், மறுபடி ஒரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள் என்று கொரியனில் சொல்லிக்கொண்டே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். ஒண்ணாந்தேதிக்கு நான்கு நாள்தான் இருந்தது.