அலுமினியம்னு நெனச்ச பள்ளம்

சாயப்பட்டறை லேபுக்குள்ள நுழைஞ்சதும் மொதல்ல மூக்குல ஏறறது அசிட்டிக் ஆசிட் வாசனைதான். அதோட ஈரத்துணி சூடும் ஆவியும் சேந்து... அஞ்சு நிமிஷத்துல கண்ணு கரிக்கும்.

அந்த ரூம்ல உக்காந்துதாங்க நான் ஒரு கேலக்ஸியப் படிச்சேன். சிரிக்காதீங்க, நெஜம்.

ரெண்டாயிரத்து நாலு வாக்குல. புனேல பிஎச்டி மூணாவது வருஷம். அம்மா அவிநாசிபாளையத்துல பஸ்ல இருந்து எறங்கறப்ப விழுந்து கால ஒடச்சுக்கிட்டாங்க. அப்பா திருப்பூர்ல பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர், ஷிப்மெண்ட் நேரம், லீவு கெடைக்கல. ஒண்ணரை மாசம் நாந்தான் ஊட்ல இருந்து பாத்துக்கிட்டேன்.

டேட்டாவ எல்லாம் சிடில போட்டு எடுத்துட்டு வந்துட்டேன். வந்தப்பறந்தான் உறைச்சுது... ஊட்ல கம்ப்யூட்டரே இல்ல!

அப்பத்தான் ஜோதி கூப்ட்டா. பிஎஸ்சி பிசிக்ஸ்ல ஒரே பெஞ்ச் நாங்க. மார்க்கு எப்பவும் அவளுக்குத்தான் ஜாஸ்தி. ஆனா மேல படிக்க அவங்க ஊட்ல அனுப்பல. தாராபுரம் ரோட்டுல ஒரு டையிங் யூனிட் லேப்ல கலர் மேட்சிங்குக்கு சேந்துட்டா.

"மத்தியானத்துல எங்க சிஸ்டம் சும்மாதான் கெடக்குது, வா புள்ள. மொதலாளிகிட்ட சொல்லிட்டேன்"ன்னா.

அம்மாவுக்கு சோறு குடுத்து, பக்கத்து ஊட்டு அக்காவ பாத்துக்கச் சொல்லிட்டு, தெனமும் பஸ் ஏறிடுவேன்.

என் வேலை இதுதான். ரொம்ப ரொம்ப தூரத்துல, குவேசார்னு ஒண்ணு பயங்கர பிரகாசமா எரியும். அந்த வெளிச்சம் நம்மகிட்ட வர்ற வழில ஒரு கேலக்ஸி குறுக்க நிக்குது. பிரபஞ்சம் சின்னப் புள்ளையா இருந்த காலத்து கேலக்ஸி. அதுல நட்சத்திரங்களுக்கு நடுவுல இருக்கற கேஸ், வெளிச்சத்துல சில கலர மட்டும் முழுங்கிடும். கிராஃப்ல அங்கங்க பள்ளம் விழும். எந்த எடத்துல பள்ளம்னு பாத்தா, அந்த கேஸ்ல என்னென்ன இருக்குன்னு சொல்லிடலாம்.

எனக்கு மூணு பள்ளம் கெடச்சிருந்துச்சு. சிலிக்கான், இரும்பு, அலுமினியம். அலுமினியம் கொஞ்சநஞ்சம் இல்ல, அள்ளிக் கொட்டியிருந்துச்சு. அவ்வளவு பழைய கேலக்ஸில அவ்வளவு அலுமினியமான்னு எனக்கு தல கால் புரியல. எங்க கைடும் குஷியாயிட்டாரு. அடுத்த வாரம் ஒரு மீட்டிங்ல அவரே பேசப் போறாரு, ஸ்லைடு கூட ரெடி.

ஒரு நாள் ஜோதி ஸ்டூல இழுத்துப் போட்டு பக்கத்துல உக்காந்தா. கையெல்லாம் நீலம். எக்ஸெல்ல நான் போட்டு வெச்ச கிராஃப கொஞ்ச நேரம் பாத்தா.

"இது எங்க கலர் அளக்கற மெஷின், ஸ்பெக்ட்ரோல வர்ற கர்வ் மாதிரியே இருக்குதுடி" அப்படின்னவ, "நாங்க காத்தால வந்ததும் வெள்ளை டைல வெச்சுப் பாப்போம். அது சரியா வந்தாத்தான் மத்த ரீடிங்க நம்புவோம். உனக்கு வெள்ளை டைல் எது?"ன்னு கேட்டா.

"அதுக்குன்னு ஒரு சாதா நட்சத்திரம் இருக்கு, குறுக்க கேலக்ஸி எதுவும் இல்லாதது. அதையும் அதே ராத்திரி, அதே டெலஸ்கோப்ல எடுத்து வெச்சிருக்கோம்."

"அதக் காட்டு."

அலட்சியமாத்தான் ஓப்பன் பண்ணேன்.

அலுமினியம் இருந்த அதே எடத்துல, அதே மாதிரி பள்ளம்.

நம்ம தலைக்கு மேல இருக்கற காத்துல ஆக்சிஜன் இருக்குல்ல, அதுவும் அந்த எடத்துல வெளிச்சத்த முழுங்கும். எனக்குத் தெரியாதது இல்ல. அதக் கழிச்சிட்டுத்தான் வேலை செய்யணும். கழிச்ச ஃபைல்னு நெனச்சு, கழிக்காத ஃபைல வெச்சுக்கிட்டு நாலு மாசம் ஓட்டியிருக்கேன்!

ஜோதி எந்திரிச்சுப் போய் டீ சொல்லிட்டு வந்தா. அப்பறம் மெதுவா, "மத்த ரெண்டும்?"ன்னா.

ரெண்டு பேருமா உக்காந்து பாத்தோம். நட்சத்திரத்துல அந்த ரெண்டு எடமும் சமமா, சுத்தமா இருந்துச்சு. சிலிக்கானும் இரும்பும் நெஜம்.

"அப்ப அவருக்கு போன் பண்ணு. போடி, இப்பவே."

கேட்டுக்கு எதுத்தாப்ல எஸ்டிடி பூத். பூத்துக்காரர் வெளிய பீஸ் துணி மூட்டைய எறக்கிட்டு இருந்தாரு. கைடுகிட்ட எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன். பிஎச்டி இத்தோட முடிஞ்சுதுன்னே நெனச்சேன்.

"யார் பாத்தது?"ன்னு கேட்டாரு.

"என் ஃப்ரெண்ட் சார்... டையிங் லேப்ல வேலை பாக்கறா."

"நல்லவேள, மீட்டிங்குக்கு முன்னாடி சொன்ன. அந்த ஸ்லைட எடுத்துடறேன். நம்ம ஆராய்ச்சிப் பேப்பர்ல அவங்களுக்கு நன்றி போட்டுடு."

பூத்த விட்டு வெளிய வந்து அழுதேன். வருத்தத்துலயா நிம்மதிலயா, தெரியல. ஜோதி கேட்ல நின்னுக்கிட்டு சிரிச்சுட்டு இருந்தா.

சரியான ஃபைல்ல அலுமினியமும் இருந்துச்சுங்க, துளியூண்டு. பேப்பர் அடுத்த வருஷம் வந்துச்சு. ஆரவாரமான ரிசல்ட் இல்ல, ஆனா தப்பில்லாத ரிசல்ட். கடைசி பக்கத்துல அவ பேரு. காப்பி ஒண்ண அனுப்பி வெச்சேன். "எங்கப்பா அந்தப் பக்கத்த மட்டும் லேமினேட் பண்ணி மாட்டிட்டாரு"ன்னா. மேல படிக்க அனுப்பாத அதே அப்பா.

இன்னைக்கு ஜோதி திருப்பூர்லயே சொந்தமா டெஸ்டிங் லேப் வெச்சிருக்கா. நான் கோயமுத்தூர்ல ஒரு காலேஜ்ல வாத்தியார். என் ஸ்டூடண்ட்ஸுக்கு இப்ப இன்னும் பழைய கேலக்ஸியெல்லாம் ஸ்பேஸ் டெலஸ்கோப்ல இருந்து நேரா லேப்டாப்புக்கே வருது. காத்து குறுக்க வர்ற பேச்சே இல்ல. நாலு வரி கோட் எழுதி, ஒரே நாள்ல கட்டுக்கட்டா பாத்து முடிச்சுடறாங்க. பாக்க சந்தோஷமாத்தான் இருக்கு.

ஆனா நாங்க ஒரே ஒரு கேலக்ஸியோட வருஷக்கணக்கா குடும்பம் நடத்துனோம்... அதுல எந்தப் பள்ளம் எங்க, எவ்வளவு ஆழம்னு இன்னைக்கும் எனக்கு மனப்பாடம்.

ஜோதியக் கேட்டாலும் சொல்லுவா.